விலகும் கோளாறு

பின்வாசல் படியருகே சாக்பீஸால் போட்டிருந்த பெருக்கல் குறியை விட்டு, மிகச் சரியாக இரண்டடி தள்ளி இறங்கியது ட்ரோன். காற்று கொஞ்சமும் இல்லை. கொடியில் கிடந்த துண்டு கூட அசையவில்லை. நேராகத்தான் வந்தது. ஆள் உயரத்துக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கி, எதிரில் வருகிறவருக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி, பக்கத்தில் போய் உட்கார்ந்து விசிறிகளை நிறுத்திக்கொண்டது.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. நான்கு நாளாக இதே கூத்து. கொல்லையில் மதில் ஓரம் ஒன்று, குழாயடியில் ஒன்று, கொடிக்குக் கீழே ஒன்று, படியருகே ஒன்று என நான்கு குறிகள் போட்டுத் தினமும் நான்கிலும் இறக்கிப் பழகுகிறாள். தினமும் மூன்றில் ஒழுங்காக இறங்கும், ஒன்றில் விலகும். விலகி இறங்கிய இடத்தில் கிழமையை எழுதி வைத்தாள். எல்லாக் கிழமையும் ஒரே குறியில் தப்பினாலாவது ஒரு கணக்கு கிடைக்கும். அதுவும் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில், “திசைகாட்டிய ஒரு தடவ சரிபார்த்துக்கோங்க மேடம்” என்று நான்கு நாளும் அதே பாட்டைப் பாடினாள்.

பொறுமையாக இருக்க அவளுக்கு நேரமில்லை. கணவன் கூரை வேலைக்காரன். ஏணிக்காரன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். போன மாதம் ஒரு சரக்குக் கிட்டங்கிக் கூரையிலிருந்து விழுந்து, காலில் தொடை வரை மாவுக்கட்டோடு பின்னறைக் கட்டிலில் கிடக்கிறான். அவன் ஏறிப் பார்த்த விரிசல்களையும் ஒழுகல்களையும் இப்போது இவள் ட்ரோனில் படம்பிடித்துப் பார்க்கிறாள். நாளைக் காலை ஓர் ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடி. தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒரு முழத்துக்குத்தான் இறக்க இடம். அங்கே இரண்டடி விலகினால், கீழே வரிசையில் நிற்கும் யார் தலையிலாவதுதான் போய் விழும்.

போனில் அந்த அறிவிப்பு வந்து பத்து நாளாகிறது. புதிய பதிப்பு தயார், இப்போது நிறுவவா, பிறகு நினைவூட்டவா? பத்து நாளும் ‘பிறகு’ என்று தள்ளிவிட்டாள். போன முறை ஆசையாக நிறுவி, பொத்தான்கள் இடம் மாறிப்போய், பக்கத்துக் கட்டட ஆன்டெனாவில் கொண்டுபோய் முட்டினாள். தன் சாமானைத் தன்னைக் கேட்காமல் மாற்றுவதற்கு இவர்கள் யார் என்ற கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

பின்கதவை ஒரு தள்ளு தள்ளித் திறந்துபோட்டுவிட்டு உள்ளே போனாள். பின்னறையில் மருந்து நெடியும் வியர்வை ஊறிய மாவுக்கட்டின் வாடையும் கலந்து கிடந்தன.

“மறுபடி தள்ளிதான் எறங்குச்சா?” என்றான் கணவன்.

“ஆமா.”

“அப்டேட் போடு, அப்டேட் போடுன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன். யாரு கேக்குறா?”

“போன தடவ போட்டு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?”

“அப்ப நாளைக்கு எவன் மண்டையாச்சும் ஒடையட்டும். எனக்கென்ன?”

“நீங்க ஒழுங்கா ஏறி எறங்கியிருந்தா நான் ஏங்க இதக் கட்டிக்கிட்டு அழப்போறேன்?”

சொல்லியிருக்கக் கூடாதுதான். வாய் முந்திக்கொண்டது. கட்டுப் போட்ட காலை இரு கையாலும் தூக்கி நகர்த்தி, சுவர்ப்பக்கம் திரும்பிப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்க மனம் வந்தது, வாய் வரவில்லை. கொல்லைக்கு வந்து படியில் உட்கார்ந்து, அந்தக் கோபத்திலேயே ‘நிறுவு’ என்பதை விரலால் குத்தினாள்.

இருபது நிமிடம் ஆனது. வானம் மூடிக்கொண்டு வந்தது. எண்கள் எறும்பாக ஊர்ந்து நூறைத் தொட்டன.

பறக்கவிட்டாள். மதில் ஓரம், நேராக. குழாயடி, நேராக. கொடிக்குக் கீழே, நேராக. படியருகே, குறியின் நட்டநடுவில் வைத்ததுபோல் உட்கார்ந்தது. சந்தோஷத்துக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது. இதற்காகவா நான்கு நாள் தன்னைப் பைத்தியமாக அடித்தார்கள்?

வாளியில் தண்ணீர் பிடித்து, துடைப்பத்தால் சாக்பீஸைக் கழுவப் போனாள். அப்போதுதான் நான்கு கிழமையும் ஒரே பார்வையில் தெரிந்தன. திங்கள், மதில் ஓரம். செவ்வாய், குழாயடி. புதன், கொடிக்குக் கீழே. வியாழன், படியருகே.

துடைப்பம் நின்றது. தப்பாக இறங்கிய இடங்களை மறந்துவிட்டு, எந்தக் குறியில் இறங்க மறுத்தது என்று மட்டும் பார்த்தாள். மதிலிலிருந்து பின்வாசலுக்கு ஒரே கோடு. நாளுக்கு ஒரு குறி.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். புதிய பதிப்பில் என்னென்ன மாற்றம் என்று ஒரு பட்டியல் இருந்தது. யாரும் படிக்காத பட்டியல். கேமராவில் நிறத் தெளிவு, பேட்டரிச் சிக்கனம் என்று போய், கடைசி வரியில் நின்றது: ‘இல்லாத ஆளை இருப்பதாக உணர்ந்து விலகும் கோளாறு நீக்கப்பட்டது.’

“யாரக் கேட்டுடா நீக்குனீங்க?” என்று வாய்விட்டே கத்தினாள். அவள் குரல் மதிலில் பட்டுத் திரும்பி வந்தது.

பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரு வழி இருந்தது. தேடிப் பிடித்து அழுத்தினாள். மறுபடி எண்கள் ஊர்ந்தன. இந்த முறை அவள் படியில் உட்காரவில்லை. மதிலில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் மின்விசிறி கிறீச்சிட்டது. குழாய் சொட்டியது. ஈரச் சிமெண்டின் வாடை மூக்கில் ஏறியது.

பழைய பதிப்பு. பறக்கவிட்டாள்.

மதில், நேராக. குழாயடி, நேராக. கொடி, நேராக.

படியருகே வந்தது. ஆள் உயரம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நேராக இறங்கியது.

கொல்லையில் யாரும் இல்லை. பின்கதவு அகலத் திறந்து கிடந்தது.

கால்கள் தாமாக நடந்தன. அடுக்களையில் பறக்கவிட்டாள், நேராக இறங்கியது. நடையில் விட்டாள், அங்கும் நேராக. பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. வாசல்நிலையில் நின்றபடி ட்ரோனைத் தரையிலிருந்து எழுப்பி, கட்டிலை நோக்கி உள்ளே செலுத்தினாள். விசிறிக் காற்றில் மருந்துச் சீட்டுகள் பறந்தன. கட்டிலை நெருங்கியது. கால்மாட்டில் தயங்கியது.

விலகியது.

திருப்பி விட்டாள். மறுபடி விலகியது.

“ஏங்க...” ட்ரோன் இரைச்சலில் குரல் அமுங்கிப்போனது.

கணவன் திரும்பவில்லை. போர்வைக்குள்ளிருந்தே பேசினான். கோபம் பாதி இறங்கிவிட்ட குரல்.

“வீட்டுக்குள்ள எதுக்கு இத ஓட்டுற? கண்ணுல கிண்ணுல பட்டுடப் போவுது.” கொஞ்சம் நிறுத்தினான். “சரி, திட்டுனது திட்டிட்ட. அதுக்காகப் பேசாம வந்து இவ்ளோ நேரமா ஒக்காந்திருக்கணுமா? கொஞ்சம் தள்ளி ஒக்காரு. கட்டுப் போட்ட காலும்மா. கனம் தாங்கல.”

கால்மாட்டில் மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்தது. அதன்மேல் யாரும் இல்லை.

அவள் விரல் போனில் இருந்த விசையை முன்னால் அழுத்தியது. முழுதாக. முன்னால் போ. அவரிடம் போ. ட்ரோன் இரைந்தது, நடுங்கியது, ஓர் அங்குலம் கூட முன்னால் போகவில்லை.

மெத்தை மெல்ல மேலே எழும்பியது.

“அப்பாடா,” என்று காலை நீட்டினான் கணவன். “எழுந்துட்டியா?”

ட்ரோன் அவளை நோக்கி ஓரடி பின்வாங்கியது.

விசை இன்னும் முன்னால்தான் இருந்தது.

இன்னும் ஓரடி.