மார்ச் மூன்றாம் தேதிப் பிரதி

புது ஹார்ட் டிஸ்க்கின் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தது ஜாக்குலின்தான். கிழித்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காலியாக இருக்க வேண்டிய அந்த டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு பிரதி இருப்பதாக பேக்கப் சாஃப்ட்வேர் காட்டியது. போன வருஷம் மார்ச் மூன்றாம் தேதி. கம்ப்யூட்டர் முழுவதும், ஒரு எழுத்து விடாமல்.

அன்றைக்கு அவள் இறக்கிப் பார்த்த மூன்றாவது சாஃப்ட்வேர் இது. முதலாவது எல்லாம் இலவசம் என்று சொல்லிவிட்டு, கடைசி பட்டனில் காசு கேட்டது. இரண்டாவது நாலு சதவீதத்தில் படுத்துவிட்டது. காலை ஆராதனை முடிந்து வந்து, நேற்றைய குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மௌஸை நகர்த்திக்கொண்டிருந்தவளுக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை. வெளியே கொளவாய் ஏரிப் பக்கம் வானம் கறுத்து, மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் அவள் புருஷன் ஜோயலுடையது. கல்யாண வீடியோக்காரன். செங்கல்பட்டில் முகூர்த்தம், மகாபலிபுரம் கடற்கரையில் ஜோடிப் படம் என்று அலைந்தவன், போன வருஷம் மார்ச் இருபதாம் தேதி கடப்பாக்கத்தில் ஒரு ரிசப்ஷனை முடித்துவிட்டுக் கிளம்பி, வீடு வந்து சேரவில்லை. எட்டரை மாதம் கழித்து ஷாரோன் பிறந்தாள். அப்பா தன்னைப் பற்றி அறியாமலே போய்விட்டார் என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது.

ஊரில் பாதிப் பேரைப் படம் பிடித்தவன் ஒரு படத்திலும் இல்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால். அவன் குரல் மட்டும், வெட்டி ஒட்டுவதற்கு முந்தைய பதிவுகளில், ஓரத்தில் கேட்கும். கல்யாண வீட்டுப் பார்ட்டி பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனதும் அந்தப் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது அவன் வைத்திருந்த சட்டம். அவன் போன பிறகும் ஒவ்வொரு பார்ட்டியும் வர வர, அவளும் சொன்ன பேச்சு கேட்கிறவளாக ஒன்று விடாமல் அழித்தாள். கடைசிப் பதிவை அழித்து மூன்று நாள் கழித்துத்தான், குழந்தைக்குக் கேட்கவைக்க அவன் குரல் ஒரு வார்த்தைகூட வீட்டில் மிச்சமில்லை என்பது உறைத்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது. இனி எதுவும் தொலையக்கூடாது என்றுதான் இந்த டிஸ்க்கை வாங்கினாள்.

மார்ச் மூன்றில் எல்லாம் இருந்தன. ஒன்றையும் அவள் அழித்திருக்கவில்லை.

நௌஷாத்துக்குப் போன் போட்டாள். பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன், ஜோயலின் கூட்டாளி. டிஸ்க் விற்றவனும் அவன்தான்.

"புது டிஸ்க்குல எப்படி அண்ணி இருக்கும்?" என்றான். கடையில் யாரோ பிரின்ட் எடுக்கிற சத்தம் கேட்டது. "பழசு எங்கனா கம்ப்யூட்டர்லயே கெடந்திருக்கும். அண்ணன் எடுத்து வெச்சிருப்பாரு. அத்த இது தேடிப் புடிச்சிக் காட்டுது."

"இந்த டிஸ்க்குலதான் கீதுன்னு காட்டுது நௌஷாத்."

"வுடு அண்ணி, இன்னா இப்போ, நல்லதுதானே. ஆனா ஒண்ணு. மொதல்ல இன்னிக்கு இருக்கறத ஒரு காபி எடுத்துட்டு, அப்புறம் பழச எறக்கு. மறந்துடாத. எறக்குனா அந்தத் தேதிக்கு அப்பால வந்தது எல்லாம் பூடும்."

சரி என்றாள். தனியாக ஒரு பதிவை மட்டும் முதலில் எடுத்துப் பார்த்தாள். ஏதோ கல்யாண மண்டபம், நாதஸ்வரம், தட்டு இடிபடும் சத்தம். அதற்குள்ளிருந்து அவன்.

"மாமா, கொஞ்சம் தள்ளு. பொண்ணு மறையுது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான். இடுப்பிலிருந்த ஷாரோன் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாக, அறையின் காலி மூலையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பல் இல்லை.

கீழே இரண்டு பல் முளைத்திருந்ததே. காலையில் ஆராதனையில் தோளைக் கடித்தாளே. ஜாக்குலின் ஈறைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. தூக்கமில்லாவிட்டால் கண்ணும் விரலும் பொய் சொல்லும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்த பதிவைத் தொட்டாள்.

இலவசப் பதிப்பில் ஒரு பதிவுதான் தனியாக எடுக்கலாமாம். முழுவதையும் இறக்குவதென்றால் காசில்லையாம்.

இன்றைய பிரதி எடுக்க நாலு மணி நேரம் ஆகும் என்றது சாஃப்ட்வேர். இன்றைக்கு இதில் எடுத்துவைக்க என்ன இருக்கிறது என்று யோசித்தாள். நாலு கடிதம், ஒரு ரேஷன் கார்டு ஸ்கேன். குழந்தையின் படமெல்லாம் போனில் பத்திரமாக இருக்கிறது. துவைக்க வேண்டிய துணி அப்படியே கிடக்கிறது. நாலு மணி நேரம் உட்கார அவளால் ஆகாது.

முழு மீட்பு என்பதை அழுத்தினாள். எச்சரிக்கை ஒன்று வந்தது. இந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவை அனைத்தும் நீக்கப்படும், சம்மதமா. எத்தனையோ எச்சரிக்கைக்குச் சம்மதம் சொல்லிப் பழகிய விரல், இதற்கும் சொல்லியது.

பத்து சதவீதம். மழை பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். காலையில் காயப்போட்ட பன்னிரண்டு குட்டிச் சட்டைக்கு இப்போது மூன்றுதான் தொங்கின. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொடி லேசாக எம்பியது, பாரம் குறைந்தாற்போல. இரண்டு.

முப்பது சதவீதம். வீட்டுக்குள் ஜோயலின் வாசனை வந்தது. அவன் தேய்க்கும் எண்ணெயும் வியர்வையும் கேமரா பையின் பழைய ரெக்ஸினும் கலந்த அந்த வாசனை, பாயிலிருந்து, தலையணையிலிருந்து, அவள் எப்போதோ துவைத்து மடித்துப் பீரோவின் அடியில் வைத்த அவன் சட்டைகளிலிருந்து, ஈரத்தோடு ஈரமாக எழுந்து வந்தது. ஒன்றரை வருஷமாக அவள் ஏங்கிய வாசனைதான். இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஐம்பது. தூளி கட்டிய உத்திரத்தில் தூளி இல்லை. புடவை மடித்துப் பெட்டியின் மேல் இருந்தது.

அவள் ஓடி வந்து ரத்து என்ற பட்டனை அழுத்தினாள். அழுந்தவில்லை. சுவரில் சுவிட்சை அணைத்தாள். யூபிஎஸ் ஒரு முறை கத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தது. மேஜைக்கடியில் கைவிட்டு ஒயரைப் பிடுங்கினாள். ஒயர் கையோடு வந்தது. திரை அணையவில்லை.

அறுபத்தெட்டு.

குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கனம் குறைந்திருந்தது. பிறந்த அன்று நர்ஸ் கையில் கொடுத்த கனம். போனை எடுத்தாள். படங்களைத் திறந்தாள். சர்ச்சில் எடுத்த படத்தில் அவள் மட்டும் இருந்தாள், கை வளைத்துக்கொண்டு, வெறும் மடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

"நௌஷாத், நிறுத்தணும். இத்த எப்படி நிறுத்தறது? கொழந்த..."

"எந்தக் கொழந்த அண்ணி?" என்றான் நௌஷாத். அவன் குரலில் உண்மையான குழப்பம் இருந்தது. "இரு, அண்ணன் இன்னொரு லைன்ல வர்றாரு."

எண்பத்தொன்று. வயிற்றைத் தொட்டாள். ஆபரேஷன் தழும்பு இல்லை.

தொண்ணூறு. ஷாரோன். ஷாரோன். சொல்லிக்கொண்டே இருந்தாள். விட்டால் போய்விடும் என்று தெரிந்தது. ஷாரோன். குழந்தை அழவில்லை. அவளையே பார்த்தது. கண் மட்டும் கொஞ்ச நேரம் தங்கியது.

தொண்ணூற்றாறு. ஷா.

நூறு.

மழை நின்றிருந்தது. சுவரில் மாட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் படம் இல்லை. ஆணிகூட இல்லை. பிரதிகளின் பட்டியலைத் திறந்தாள். எதையோ தேட வேண்டும், இன்றைய தேதியில் ஒன்று. மார்ச் மூன்று மட்டும் இருந்தது. வேறு பிரதி எடுக்கப்படவில்லை என்று கீழே எழுதியிருந்தது.

"ஜாக்கு," என்றது குரல். அவள் காதுக்குப் பின்னால், ஒரு முழ தூரத்தில். ஜோயல்தான். சந்தேகமே இல்லை.

திரும்பினாள். யாரும் இல்லை.

"இங்க கீறேன்." மறுபடியும் பின்னால். இன்னும் வேகமாகத் திரும்பினாள். பின்னால். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அப்போதும் பின்னால். ஒரு படத்திலும் இல்லாதவன். முகமே பதியாதவன். பதிந்திருந்தது மட்டும் வந்திருந்தது.

"இன்னா ஜாக்கு, இப்படி நனைஞ்சி நிக்கற?"

குனிந்து பார்த்தாள். நைட்டியின் மார்பு நனைந்திருந்தது. மழையில்லை. வெதுவெதுப்பாக, இனிப்பு வாசனையோடு, சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் இடக்கை முழங்கையில் மடிந்து, எதையோ ஏந்தியபடி நின்றது. இறக்கிப் பார்த்தாள். கை இறங்கவில்லை. இடுப்பு தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.