முப்பத்தொரு பெயர்கள்

மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடை. நியூசிலாந்தின் ஜூலைக் குளிர்கால மழையில் நனைந்தபடி பேர்ணடெட் அந்தப் பழைய மரவீட்டின் கதவைத் தட்டியபோது பிற்பகல் இரண்டு மணி. மன்னாரிலிருந்து வந்த நாள் முதலாய், முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. புது வீடு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் லக்ஷ்மிப்ரியா போனில் சொன்னது மனதில் கிடந்தது.

"அக்கா, அந்த வீட்ல யாரும் ரெண்டு வாரம் தாண்டல. பழைய வீடு, சாயங்காலமானா சத்தம் வருமாம். நீங்க கண்டுக்காதீங்க."

எமிகோவுக்கு எண்பத்தைந்து வயது. ஜப்பானில் பிறந்து, ஒரு நியூசிலாந்துக்காரரை மணந்து இங்கே வந்தவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இதயம் தளர்ந்து, நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. ஆனாலும் ஐந்து மணிக்குச் சற்று முன்னால் நாற்காலியை நடைக்கூடத்தில் போடச் சொன்னார். தலை வாரிவிடச் சொன்னார்.

"யாராவது வருகினமோ?" என்று பேர்ணடெட் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என் அப்பா," என்றார் எமிகோ.

வெளியே வெளிச்சம் வடிந்தது. சன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது. நனைந்த கம்பளியின் வாடை முதலில் வந்தது. அதற்கடியில், எஞ்சின் எண்ணெய் வாடை.

பிறகு பூட்ஸ் சத்தம்.

நடைக்கூடத்தின் மறுகோடியிலிருந்து பலகைகள் ஒவ்வொன்றாய் அமுங்கின. நாற்காலிக்கு மூன்றடி தள்ளி நின்றது.

அங்கே யாருமில்லை.

"அராய்," என்றது ஓர் ஆண்குரல். பதிலுக்குக் காத்திருந்தது. "எண்டோ." மறுபடி காத்திருந்தது. "ஹயாஷி."

பேர்ணடெட்டின் கை கழுத்துச் சிலுவையைத் தேடியது. எமிகோ, வகுப்பில் தன் முறைக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு பெயர்கள். கடைசிப் பெயருக்குப் பிறகும் பூட்ஸ் சற்று நேரம் அசையவில்லை. பிறகு திரும்பி நடந்தது. கூரையில் மழைச் சத்தம் மீண்டும் விழுந்தது.

எமிகோவின் தோள்கள் தொங்கிப்போயின.

"இன்றைக்கும் என் பெயர் இல்லை," என்றார்.

தேநீர் குடிக்கும்போது சொன்னார். அப்பா விமானப்படைப் பயிற்றாசிரியர். யுத்தத்தின் கடைசி வருடத்தில், திரும்பி வராத பயணத்துக்கென்றே பையன்களுக்குப் பறக்கப் பழக்கியவர். 'நீங்கள் முன்னே போங்கள், நானும் வருவேன்' என்று ஒவ்வொருவனிடமும் சொல்லி அனுப்பினார். அந்த நாட்களில்தான் எமிகோவின் இரண்டு வயதுத் தம்பி தாகேஷிக்குக் காய்ச்சல் கண்டது. அம்மா இரண்டு தந்தி அடித்தாள். அப்பாவுக்கு ஒருநாள் விடுப்பும் கிடைத்தது.

"மறுநாள் காலையில் பையன்கள் புறப்பட இருந்தார்கள். என் கடமை இவர்களோடு என்று பதில் எழுதினார். தம்பி அம்மாவின் மடியிலேயே போனான்."

அப்பாவின் முறை வருமுன் யுத்தம் முடிந்தது. உயிரோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் தினமும் அந்தியில் விறைப்பாய் நின்று, செத்துப்போன பையன்களின் பெயர்களைக் கூப்பிட்டார். ஐந்து வயது மகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் கடலுக்குள் நடந்துபோனார்.

"இங்கே வந்த முதல் சாயங்காலமே பூட்ஸ் சத்தம் கேட்டது. சந்தோஷப்பட்டேன், தெரியுமா. என்னைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தார் என்று நினைத்தேன்."

பேர்ணடெட் வேலையை விடவில்லை. மூன்று வாரம் தினமும் அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்றாள். பயம் குறையவில்லை, அந்த முகம் ஏமாறுவதைத் தனியே விட்டுப்போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை, நாலரை மணிக்கு போன் அடித்தது. மகள் ஜனுஷா. அவர்கள் குடியிருந்த நியூ லின்னில், பக்கத்து வீட்டில் காய்ச்சலோடு கிடந்தாள்.

"அம்மா, வென் ஆர் யூ கமிங்?"

"வாறன் குஞ்சு. அப்பா ஏழு மணிக்குத்தான் வருவார். அம்மா ஆறு மணிக்கு வெளிக்கிட்டிடுவன்."

எமிகோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பேர்ணடெட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்குச் சுகமில்லையா? போ."

"அடுத்த ஆள் ஆறு மணிக்குத்தான் வருவா. உங்களைத் தனியே விட்டுட்டுப் போக ஏலாது. இது என்ர கடமை."

"அப்பாவும் அப்படித்தான் எழுதினார்," என்றார் எமிகோ.

பேர்ணடெட் போனாள்.

ஆறு மணிக்கு வந்த பெண் பார்த்தபோது எமிகோ நாற்காலியிலேயே இறந்திருந்தார். காது கொடுத்துக் கேட்பதுபோல் தலை முன்னுக்குச் சாய்ந்திருந்ததாம்.

ஜனுஷாவின் காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது. பேர்ணடெட்டுக்குத்தான் ஒருவாரம் சோறு இறங்கவில்லை. எமிகோவின் சாமான்களைப் பெட்டியில் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும் என்று லக்ஷ்மிப்ரியா சொன்னதும், தானே போவதாகச் சொன்னாள்.

அடுக்கி முடிக்கையில் ஐந்தாகிவிட்டது. மழைச் சத்தம் நின்றது.

பூட்ஸ் வந்தது. பெயர்கள் வந்தன. அவள் எண்ணினாள். இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று.

இன்றைக்கும் இல்லை.

பலகைகள் கிறீச்சிட்டு, பூட்ஸ் திரும்பும் சத்தம் கேட்டபோது அவள் நடைக்கூடத்தின் நடுவே வந்து நின்றாள்.

"எமிகோ," என்று உரக்கக் கூப்பிட்டாள்.

பூட்ஸ் நின்றது.

நெடுநேரம் நின்றது. பிறகு, அந்தப் பெயரைச் சொல்லாமலே, மெதுவாக நடந்து போய்விட்டது.

கூரையில் மழை மீண்டும் இரையத் தொடங்கியது. பேர்ணடெட் கண்ணைத் துடைக்க வலக்கையைத் தூக்கப் போனாள். முடியவில்லை.

அவள் இடுப்பளவுகூட இல்லாத உயரத்திலிருந்து, பெயர் கூப்பிட்டதும் வந்துவிட்ட பிள்ளைபோல், ஒரு சின்னக் கை அவளது இரண்டு விரல்களைப் பற்றியிருந்தது. பனிக்கட்டிபோல் குளிர்ந்த கை.

சட்டைப்பையில் போன் அடித்தது. ஜனுஷாதான், இந்த நேரத்துக்கு அவள்தான் கூப்பிடுவாள்.

விரல்களை இழுத்துக்கொள்ள பேர்ணடெட்டுக்கு மனம் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.