பூசணிப் பூ விரியும் நேரம்

பிஞ்சு விழவில்லை. ஞானகுமாரியை முதலில் உறுத்தியது அதுதான்.

விழுந்திருக்க வேண்டும். அந்த வருஷம் அண்ணனூரில், மின்சார ரயில் கார் ஷெட்டை ஒட்டிய அவர்கள் தெருவில், எந்த வீட்டுப் பூசணிக் கொடியிலும் ஒரு காய்கூட நிற்கவில்லை. பூ என்னவோ மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு வரும், வந்த வேகத்தில் பழுத்துச் சுருங்கித் தரையில் கிடக்கும். பாகலுக்கும் வெள்ளரிக்கும் அதே கதி. அம்பத்தூர் மார்க்கெட்டில் கீரையும் கிழங்கும் தவிரக் கூடைகள் காலி. திருவள்ளூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் தேனீயே இல்லை, பூவைத் தொட ஆளில்லை, இப்படியே போனால் சோறு மட்டும்தான் மிஞ்சும் என்று டிவியில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். கார் ஷெட்டில் ஃபிட்டராக இருக்கும் அவள் புருஷன் சத்தியராஜ், ராத்திரி ஷிஃப்டுக்குச் சட்டை மாட்டியபடி சேனலை மாற்றினான். பயமுறுத்துவதே இவர்களுக்குப் பிழைப்பு என்றான்.

அதனால் பின்கட்டில் ஒரு பிஞ்சு எலுமிச்சை அளவுக்குத் திரண்டு நின்றதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டிருக்கத்தான் வேண்டும். பட்டாள். ஆனால் அதன் தலையில் வாடிக்கொண்டிருந்த பூ சரியாக இல்லை. இதழ் ஒரு பக்கம் கசங்கிக் கிழிந்து, உள்பக்கம் எச்சில் பட்டதுபோல ஈரமாக இருந்தது. பனியாக இருக்கும் என்று விரலை நைட்டியில் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மே மாசம் மகள் ரெனிதாவுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் விழா, வைத்திருந்தார்கள். ஒன்பது வயசுப் பெண், வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம், வாசலில் பந்தல். ஃபாதர் சாப்பிட வருகிற இடத்துக்கு நேர் மேலே, சன்ஷேடில், தாம்பாள அகலத்துக்கு ஒரு தேன்கூடு. அந்தத் தெருவில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். நல்ல காரியத்துக்கு வந்தவர்களை அது கொட்டி வைத்தால் யார் பதில் சொல்வது? நெமிலிச்சேரியிலிருந்து ஆளைக் கூட்டிவந்து பந்தம் கொளுத்தினார்கள். கருகி விழுந்த ஈக்களை ஞானகுமாரிதான் துடைப்பத்தால் முறத்தில் வாரிச் சாக்கடையில் போட்டாள். வந்த ஆள் அடையைத் துணியில் போட்டுப் பிழிந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்ததைப் பார்த்து அவள் தயங்கினாள். “அது குஞ்சும்மா. பால் மாரி. புள்ளைங்களுக்கு செம சத்து,” என்றார் அவர். பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருந்த தெருப் பிள்ளைகளுக்கு அவளே கரண்டியால் ஊட்டிக்கொண்டு போனாள். முதல் கரண்டி தன் மகளுக்கு.

அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கொடி முழுக்கக் காய் பிடித்தது. பக்கத்து வீட்டு விஜியின் பந்தலில் பாகல் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. எதிர் வரிசையில் மொட்டை மாடித் தொட்டிகளில்கூட வெள்ளரி. வேறு தெரு ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுப் பார்த்தார்கள். விஜி சுவருக்கு மேலாக ஒரு பூசணிக் கீற்றை நீட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, குழம்பு அமிர்தமாக இருந்தது. ரெனிதா மட்டும் அதைத் தொடவில்லை. கொஞ்ச நாளாகவே அவள் சோறும் தொடுவதில்லை, சர்க்கரை டப்பாவை மட்டும் காலி செய்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் பள்ளிக்குத் தலை வாரிவிடும்போது காது மடலில் மஞ்சள் பொடி அப்பியிருந்தது. இமையில், மூக்கோரத்தில், புருவத்தில். துடைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். பூசணிப் பூவின் அந்தப் பச்சை வாடை.

“இன்னாடி இது?”

“தெரியல மம்மி,” என்றாள் ரெனிதா. பொய் சொல்கிற முகம் இல்லை. தலையணை உறையைத் தோய்த்தபோது தண்ணீர் மஞ்சளாக ஓடியது.

மறுநாள் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்குத் தானாகவே விழிப்பு வந்தது. வழக்கமாக அவளை எழுப்புவது கார் ஷெட்டிலிருந்து கிளம்பும் முதல் மின்சார ரயிலின் ஹாரன்தான். இன்று அதற்கும் முன்னால் வேறொரு சத்தம், ஃபேன் சத்தத்துக்கு அடியில் படிந்து, சுவரில் வைத்த உள்ளங்கையில் உணரும்படியாக, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், மூச்சு வாங்காமல், ஒரே சுருதியில் போய்க்கொண்டே இருந்தது. மிக்ஸி இல்லை. மோட்டார் இல்லை. பக்கத்தில் மகளின் பாய் காலி. பின்கதவுத் தாழ்ப்பாள் திறந்திருந்தது. ஈர மண் வாடையும் பூ வாடையுமாகக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

வெளியே வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது, பூசணிப் பூக்கள் ஒவ்வொன்றாக வாய் பிளந்துகொண்டிருந்தன. ரெனிதா கொடிகளுக்கு நடுவில் மண்டியிட்டிருந்தாள். கைகள் முதுகோடு ஒட்டியிருந்தன. ஒரு ஆண் பூவுக்குள் கழுத்தை நீட்டி முகத்தைப் புதைத்தாள், எடுத்தாள், தவழ்ந்துபோய்ப் பெண் பூவுக்குள் புதைத்தாள். உதடு மூடித்தான் இருந்தது. சத்தம் அவள் நெஞ்சிலிருந்து வந்தது. கவுனுக்குள் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன.

ஞானகுமாரி ஒரு அடி முன்னே வைத்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள்.

“கத்தாதக்கா. மிரண்டுக்கும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் விஜி. கையில் காபி டம்ளரோடு தன் பின்வாசலில் நின்றிருந்தாள். அவள் காலடியில் பாகல் பந்தலுக்குக் கீழே அவளுடைய மகன் பரத், முகம் முழுக்க மஞ்சளாக, பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தான்.

“எப்பத்துலேந்து தெரியும் உனுக்கு?”

“தெருவுக்கே தெரியும்கா. நீதான் லேட்டு.”

“டாக்டராண்ட காட்னியா?”

“இன்னான்னு சொல்லிக் காட்றது? வெய்யில் ஏறுனா தானா வந்து பட்த்துக்குது. எய்ந்தா ஒண்ணும் ஞாபகம் இல்ல. காய் புடிச்சிகினு கீது. ஊர்ல எவன் ஊட்லக்கா காய் கீது?” விஜி ஒரு வாய் காபி குடித்தாள். அவள் குரலில் பயம் இல்லை என்பதுதான் ஞானகுமாரிக்குத் தாங்கவில்லை.

அவள் மகளை விடுவதாக இல்லை. ஆவடியில் டாக்டரிடம் காட்டினாள், எடை குறைவு, சத்து மாத்திரை என்றார். சர்ச்சில் மந்திரித்த எண்ணெயை நெற்றியில் தடவினாள். ராத்திரி பின்கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டாள். விடிகிற நேரத்தில் ரெனிதா ஜன்னல் கண்ணாடியில் போய் மோதினாள். விலகினாள். மறுபடி மோதினாள். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே நெற்றியால். இழுத்து மடியில் போட்டால் அந்த நடுக்கம் தாயின் பல்வரைக்கும் ஏறியது. சர்க்கரைத் தண்ணீரும் இறங்கவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. கேட்டுக்கு வெளியே தெருப் பிள்ளைகள் வந்து நின்றார்கள், தினமும், ஒரு வார்த்தை பேசாமல், முகத்தில் மஞ்சளோடு.

ஷிஃப்ட் முடிந்து வந்த சத்தியராஜ், நெற்றி புடைத்துக் கிடந்த மகளை வெகுநேரம் பார்த்தான்.

“தொறந்து வுடு குமாரி. உள்ள வெச்சா செத்துப்பூடும்.”

“வெளிய வுட்டா?”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “ஊருக்கே காய் இல்ல,” என்றான்.

சாவியை அவள் தரவில்லை. அவன் பூட்டையே உடைத்தான். கார் ஷெட்டில் வேலை செய்கிற கை, ஒரே தட்டில் விட்டது. ரெனிதா அவர்கள் இருவரையும் தாண்டிப் போனாள்.

ஆவணி மழை பிடித்துக்கொண்டது. கொடிகள் சுவரேறி, ஓடேறி, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மூடிவிட்டன. ஞானகுமாரி வெளியே எங்கும் போவதை நிறுத்தினாள். தினமும் விடியலில் பின்வாசலில் உட்கார்ந்து மகளை எண்ணெய்த் துணியால் துடைத்துவிடக் காத்திருப்பாள். அப்போதுதான் பரத்தைக் கவனித்தாள். பையன் தேய்ந்துகொண்டு வந்தான். உதட்டுத் தோல் நார் நாராகக் கிழிந்திருந்தது. விரல் நுனியில் நகம் இல்லை. நடுங்கும் தோள்பட்டை நடுநடுவே நின்று, திணறி, மறுபடி ஓடியது. தேனீயின் இறக்கை உழைத்து உழைத்தே கிழிந்துபோகும், அதற்கப்புறம் அது வாழாது என்று டிவிக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் எழுந்து டிவி வயரைப் பிடுங்கிப் போட்டாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு மழை இல்லை. பூக்கள் விரிந்தன.

சத்தத்தில் ஒரு இழை குறைந்தது.

பரத் பாகல் கொடிக்குக் கீழே பக்கவாட்டில் கிடந்தான். கால்களை மடக்கிக்கொண்டு. அசைவில்லை.

ரெனிதா நிமிர்ந்தாள். சுவரேறி அந்தப் பக்கம் இறங்கினாள். எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேர். மாடியிலிருந்து ஒருத்தி. வந்தார்கள். குனிந்து அவன் முகத்தை முகத்தால் தொட்டார்கள். ஒவ்வொருவராக. பிறகு பிடித்தார்கள். கையை ஒருவர், கணுக்காலை ஒருவர். ரெனிதா சட்டைக் காலரைப் பிடித்தாள். இழுத்தார்கள். வேகம் இல்லை, தயக்கமும் இல்லை. வாசல் வழியாக. கேட்டைத் தாண்டி. சாக்கடை ஓரத்தில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

விஜி பின்வாசலில்தான் நின்றிருந்தாள். டம்ளர் சாய்ந்து காபி காலில் ஒழுகியது. அவளும் அசையவில்லை.

ஞானகுமாரி விஜி வீட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். மகளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். எடையே இல்லை. துவைத்துக் காயவைத்த துணியைத் தூக்கியதுபோல இருந்தது. “மம்மிடி. மம்மியப் பார்டி.” ரெனிதாவின் கண் திறந்தே இருந்தது. அது அவளைப் பார்க்கவில்லை. நெஞ்சு அதிர்ந்தது. அதிர்வு நின்றது. திணறியது. மறுபடி ஓடியது.

பிடித்திருந்தால் அது இங்கேயே நின்றுபோகும். விட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

கையை விட்டாள்.

ரெனிதா இறங்கினாள். தன் வீட்டுப் பக்கம் போகவில்லை. பரத் விட்டுப்போன பாகல் கொடியில் ஏறி, கிழிந்த உதட்டால் அடுத்த பூவைப் பிளந்து, முகத்தை உள்ளே புதைத்தாள்.