சாவியை விட்ட பிறகும்

சின்னவன் சாவியை விட்ட பிறகும் என்ஜின் இன்னும் ஒரு சுற்று சுற்றித்தான் நின்றது.

ஒரே ஒரு சுற்று. வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். பதினெட்டு வருடமாகப் படகு என்ஜின்களோடு மல்லுக்கட்டியவனுக்கு, ஸ்டார்ட்டர் எந்த இடத்தில் விடும், என்ஜின் எந்த இடத்தில் அடங்கும் என்பதெல்லாம் தன் சொந்த மூச்சு மாதிரி பழக்கம். விட்டால் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அவன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பனி நாலாபுறமும் வெள்ளைத் துணி கட்டியது போல இறங்கியிருந்தது. படகின் விளிம்பில் நீர் தட்டும் ஓசை. அவ்வளவுதான்.

காலை எட்டு மணி. அணைக்குப் பின்னால் தேங்கிய அந்தப் பெரிய ஏரியில் அண்ணனும் அவனும் சேர்ந்து சுற்றுலாக்காரர்களுக்கு ஜெட் படகு ஓட்டினார்கள். பனிக்காலத்தில் ஆட்கள் வர மாட்டார்கள், தொழில் மூடிக் கிடக்கும். நடு ஏரியில் மிதவையின் சங்கிலி தளர்ந்திருக்கிறது, ஒரு எட்டு பார்த்துவிட்டு வா என்று அண்ணன்தான் அனுப்பினார். படித்துறையில் சாவியைத் தொட்டதுமே என்ஜின் பிடித்துக்கொண்டது. ஏழெட்டு நிமிடம் மெதுவாக வந்து மிதவை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. அதிலிருந்து எவ்வளவு சுற்றினாலும் சுற்றுகிறது, பிடிக்க மட்டும் மாட்டேன் என்கிறது.

வாக்கி-டாக்கியை எடுத்தான்.

"அண்ணா, வண்டி நின்னுடுச்சு. சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகல."

அண்ணனின் குரல் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல நிதானமாக.

"பதறாதே. என்ஜின் காரணமில்லாம கோவிச்சுக்காது. பாதுகாப்புக் கயிறு மாட்டியிருக்கா பாரு, அது கழண்டிருந்தா ஸ்டார்ட் ஆகாது."

"மாட்டியிருக்கு."

"பேட்டரி?"

"நல்லாத்தான் சுத்துதுண்ணா. குதிரை மாதிரி சுத்துது."

"சரி. இன்னொரு தடவை சுத்து. கொஞ்சம் நீட்டிச் சுத்து."

சுற்றினான். ருர்ர்... ருர்ர்... ருர்ர்... என்று என்ஜின் திணறியது. ஜெட் படகுக்கு வெளியே தண்ணீரைத் தள்ளும் விசிறி கிடையாது. அடியில் ஒரு வாய் உண்டு. அது தண்ணீரை உறிஞ்ச, உள்ளே இருக்கும் சக்கரம் அதைப் பின்னால் பீய்ச்சும். அந்தச் சக்கரம் என்ஜினோடு நேராக இணைந்தது. இடையில் கியர், கிளட்ச் எதுவும் இல்லை. ஆகவே சாவியைத் திருப்பும்போதெல்லாம் மேலே என்ஜின் சுற்ற, கீழே இருட்டுக்குள் சக்கரமும் சுற்றும். அந்தச் சத்தம் தண்ணீருக்குள் வெகுதூரம் போகும் என்று அண்ணனே முன்பு சொல்லியிருக்கிறார்.

சாவியை விட்டான். என்ஜின் நின்றது. அப்புறம், யோசித்துவிட்டுச் செய்வது போல, இன்னும் ஒரு சுற்று.

அவன் பின்பக்கம் போய் என்ஜின் மூடியைத் தூக்கினான். சூடான இரும்பு வாசனை, ரப்பர் வாசனை. ஒரு பிளக்கைக் கழற்றி, என்ஜின் உடம்பில் ஒட்டவைத்து, சாவியைத் திருப்பிப் பார்த்தான். நீலமாகத் தெறித்தது நெருப்பு. அதில் குறையில்லை. ஆனால் பிளக்கின் முனை காய்ந்து கிடந்தது. இத்தனை முறை சுற்றியதற்கு அது பெட்ரோலில் குளித்திருக்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோனான். வாசனையே இல்லை.

"அண்ணா, ஸ்பார்க் வருது. பெட்ரோல்தான் வரல போல."

"பெட்ரோல் நேத்து சாயங்காலம் நானே ஊத்தினேன். டேங்க் நிறைய இருக்கு. அதை விட்டுடு."

"இல்லண்ணா, பிளக் காஞ்சிருக்கு..."

"நான் சொல்றதைக் கேளு. இன்னொரு தடவை சுத்து."

இன்னொரு தடவை.

போன வருடம் இதே ஏரியில், அவன் பின்னால் உட்கார்ந்து அண்ணியும் இதையேதான் சொன்னாள். இருந்த இடத்திலேயே படகை ஒரு பம்பரச் சுற்று சுற்றிக் காட்டியிருந்தான். அவள் குழந்தை மாதிரி கைதட்டிச் சிரித்தாள். "இன்னொரு தடவை சுத்துங்க தம்பி." சுற்றினான். திரும்பிப் பார்த்தபோது இருக்கை காலியாக இருந்தது. நான்கு நாள் ஆட்கள் மூழ்கித் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. விசாரணையில் அண்ணன் எழுந்து நின்று, "என் தம்பி மேல தப்பில்ல" என்று ஒரே வாக்கியம் சொன்னார். வெளியே வந்ததும் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அந்தக் கையின் கனத்தை வைத்துத்தான் இந்த ஒரு வருடமாக அவன் சாப்பிட்டான், தூங்கினான், மனிதனாக நடமாடினான். அண்ணன் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

பிளக்கை மாட்டிவிட்டுச் சுற்றினான். விட்டான். இந்த முறை கூடுதலாக இரண்டு சுற்று.

"அண்ணா, சாவியை விட்டாலும் சுத்துதுண்ணா."

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம். யாரோ நிம்மதியாக விடுவது மாதிரி இருந்தது.

"பம்புல பாசி அடைச்சிருக்கும். தரையில மூடி இருக்குல்ல, அதைத் திற. கையை விட்டுப் பாரு."

பின் இருக்கைக்கு முன்னால், தரையிலேயே சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு மூடி உண்டு. குச்சி, பாசி சிக்கினால் திறந்து எடுப்பதற்கு. திறந்தால் நேராக ஏரி. மூடிக்குக் கீழுள்ள குழாயின் விளிம்பு ஏரி மட்டத்தைவிட உயரமாக இருப்பதால் தண்ணீர் படகுக்குள் ஏறாது. நான்கு மரைகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூடியைத் தூக்கி வைத்தான். உள்ளே கறுப்பாகத் தண்ணீர், அசையாமல். முழங்கால் போட்டுக் குனிந்து, முழங்கைவரை கையை விட்டான்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே விரல் விறைக்கும் குளிர். இது யாரோ வாயில் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் விட்ட தண்ணீர் மாதிரி இருந்தது. தடவினான். சக்கரத்தின் இறக்கைகள், தண்டு, கம்பித் தடுப்பு. பாசி இல்லை. குச்சி இல்லை. சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் அது அவன் மண்டையில் உறைத்தது.

பம்பில் பாசி அடைத்தால் படகு நகராது. என்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளும் விஷயம். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான்.

கையை உருவி எடுத்தான். மூடியை அப்படியே குழாய்மேல் வைத்தான். பின் இருக்கையின் பலகையைத் தூக்கினான். டேங்க்கிலிருந்து வரும் குழாய், அதன் நடுவில் ஒரு திருகு வால்வு. மூடியிருந்தது. திறக்கலாம் என்று கையை வைத்தால் பிடியைக் காணோம். தண்டை ரம்பத்தால் அடியோடு அறுத்திருந்தார்கள். அறுத்த இடம் புதுக் காசு மாதிரி பளபளத்தது. பித்தளைத் தூள் இன்னும் கீழே சிதறிக் கிடந்தது.

குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் ஏழெட்டு நிமிடம் வந்திருக்கிறது. சரியாக நடு ஏரிவரை. அண்ணன் எதையும் அளந்துதான் செய்வார்.

துடுப்பு மாட்டும் கொக்கியைப் பார்த்தான். காலி.

"அண்ணா, வால்வை நீங்களா அறுத்தீங்க?"

பொத்தானை விட்டான். மறுபடி அழுத்தினான்.

"அண்ணா, உங்களைத்தான் கேக்கறேன்."

"மூடியைத் திறந்தியா?"

"ஏண்ணா?"

"திறந்தியா, சொல்லு."

"திறந்தேன்."

"அப்ப போதும்." அண்ணன் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "ஒரு வருஷமா தினமும் படித்துறையில உக்காந்து, அவளைத் திருப்பிக் குடுன்னு இந்த ஏரிகிட்ட கெஞ்சினேன்டா. போன மாசம்தான் தண்ணிக்குள்ளேர்ந்து பதில் வந்துச்சு. அதுக்கு அந்தச் சத்தம் வேணுமாம். சத்தத்தை வச்சுத்தான் இடத்தைக் கண்டுபிடிக்குமாம். ஒரு ஆள் உள்ள போனா, ஒரு ஆளை வெளிய விடுமாம்."

"என்னண்ணா பேசறீங்க? தப்பு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அன்னிக்கே உன்னை ஜெயிலுக்குள்ள தள்ளியிருந்தா, இன்னிக்கு யாரை அனுப்பியிருப்பேன்?"

தோளில் கிடந்த அந்தக் கை. சேர்ந்து சாப்பிட்ட சாப்பாடு. தூக்கம் வராத இரவுகளில் கதவருகே வந்து நின்று, தூங்குடா என்றது. எல்லாம் இதற்காக. ஆட்டுக்குத் தழை போடுவது மாதிரி. பயத்தைவிட முதலில் வலித்தது அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு கை தானாக வேலையில் இறங்கியது. வால்வுக்கு முன்னால் குழாயைக் கழற்றி நேராக என்ஜினுக்குக் கொடுத்துவிட்டால் போதும். பத்து நிமிட வேலை. சாவியைத் திருப்பி அணைத்து உருவினான். திருப்புளியை எடுத்து முதல் கிளிப்பைத் தளர்த்தினான். பெட்ரோல் வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனை அவனுக்கு உயிர் மாதிரி இருந்தது.

ருர்ர்.

நிமிர்ந்தான். சாவி கையில் இருந்தது.

ருர்ர்... ருர்ர்...

ஸ்டார்ட்டரின் முனகல் இல்லை. என்ஜின் மட்டும் சுற்றியது. மெதுவாக. கீழேயிருந்து, சக்கரத்தைப் பிடித்து, யாரோ கையால் சுற்றுகிறார்கள்.

தரை மூடி ஒரு விரல் உயரம் எழும்பியது. உட்கார்ந்தது. மறுபடி எழும்பியது. வெதுவெதுப்பான நீர் கசிந்து அவன் பாதத்தைத் தொட்டது. ஏறக்கூடாத தண்ணீர்.

பாய்ந்து மூடிமேல் ஏறி நின்றான். இரண்டு காலாலும். முழு எடையோடு. கீழேயிருந்து ஒரு தள்ளல். அவசரமில்லாத தள்ளல். அவனை எடை போட்டுப் பார்ப்பது மாதிரி. மரைகள் சட்டைப்பையில்தான் இருந்தன. குனிந்து திருகலாம். குனிய வேண்டுமானால் காலை எடுக்க வேண்டும். பெட்ரோல் குழாய் நான்கு அடி தள்ளி. எட்டவில்லை.

நின்றான்.

பனி கிழிந்தது. கரை தெரிந்தது. படித்துறையின் கடைசிப் படியில் அண்ணன், கையில் விரித்த போர்வை. வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தியபடியே மறந்துவிட்டார் போலும். அவர் பேசியதெல்லாம் கேட்டது. அவனிடம் பேசவில்லை.

"வா... வா. பாத்து, படி வழுக்கும். கையைக் குடு."

தண்ணீரிலிருந்து ஒரு கை நீண்டது. அண்ணன் பிடித்தார். அவள் ஏறினாள். முடி முகத்தில் ஒட்டி, உடையிலிருந்து நீர் ஒழுக. அதே உயரம். அதே சாய்ந்த நடை. அண்ணன் போர்வையால் அவளை மூடினார்.

சின்னவனின் காலடியில் மூடி அசைவது நின்றது.

"குளிருதா? ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கற? ஏதாவது பேசும்மா. என் பேரைச் சொல்லு."

அவள் தலையை நிமிர்த்தினாள். வாயைத் திறந்தாள். இவ்வளவு தூரத்திலிருந்தும் அது தெரிந்தது. அவ்வளவு பெரிதாகத் திறந்தாள்.

ருர்ர்... ருர்ர்... ருர்ர்...

வாக்கி-டாக்கியிலிருந்து வந்தது. பிடிக்காத என்ஜினின் சத்தம்.

அண்ணன் கையை இழுத்தார். அவள் விடவில்லை. "தம்பி," என்றார் அவர், சின்ன வயதில் இருட்டில் கூப்பிட்ட அதே குரலில். "தம்பி."

ருர்ர்... ருர்ர்...

பின்னால் படகின் என்ஜினும் அதே தாளத்தில் சுற்றத் தொடங்கியது. அவன் மூடிமேல் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தபடி, ஒவ்வொரு படியாக, பின்பக்கமாகவே தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். முகம் மட்டும் திரும்பிப் படகைப் பார்த்தே இருந்தது. நீர் அவள் கழுத்துக்கு வந்தது. உதட்டுக்கு வந்தது. அந்த வாய் மூடவில்லை.