சாட்சி சொன்ன வீட்டுக்கணினி

புஷ்கலா இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, எழுபத்தொரு வயதில், பழைய வீட்டுக்கணினி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவரே ஆட்டோவில் பாளையங்கோட்டைச் சான்றகத்துக்கு வந்து இறங்கினார்.

உண்மையில் போனது அவருடைய இரட்டைச் சகோதரி பூரணா. முகம், பிறந்த நாள், மரபணு மூன்றும் ஒன்றாக இருக்கவே, நாட்டு மக்களின் பதிவுகளைக் காக்கும் பேரேட்டுப்பொறி இருவரையும் எப்போதோ ஒரே ஆளாக்கிவிட்டிருந்தது. பூரணா கண்ணை மூடியதும் புஷ்கலாவின் கதையும் முடிந்தது. செத்தவருக்கு எதற்கு இதய மாத்திரை என்று மருந்துப்பொறி வாயை மூடிக்கொண்டது. கையில் இருந்தது நான்கு நாளைக்குத்தான்.

"உங்க முன்னாடி குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேனே!" என்றார் விசாரணை அலுவலர் மெஹ்ருன்னிசாவிடம்.

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா என் கண்ணு சாட்சியாகாதே."

பாவம், அவர் என்ன செய்வார்? அச்சு அசலாகப் போலி முகமும் போலிக் குரலும் மலிந்தபின், மனிதர் பார்த்ததும் கேட்டதும் செல்லாது என்று சட்டம் வந்துவிட்டது. எந்த வலையிலும் ஒருநாளும் இணையாத பொறி மட்டுமே சாட்சி சொல்லலாம். அப்பா 1995இல் வாங்கிய இந்தக் கணினியும், மகள்களின் தடுப்பூசிகளை அவர் பதிந்துவைத்த ஒலிநாடாவும் அந்தத் தகுதி உள்ளவை. ஆனால் கணினி உயிர் பெறவில்லை.

சான்றகத்தின் பழுதுநீக்குநர் பாக்கியநாதன் மூடியைக் கழற்றி, பேனா போன்ற ஏரணக்கோலை எடுத்தார். சில்லின் காலில் அதன் முனையை வைத்தால், மின்னழுத்தம் மேலே இருந்தால் சிவப்பு எரியும், கீழே இருந்தால் பச்சை. மாறிக்கொண்டே இருந்தால் மஞ்சள் துடிக்கும்.

"கடிகாரக் கால்ல துடிப்பு இருக்கு."

"என் கையிலயும் வச்சுப் பாருங்க தம்பி."

"இது சில்லுகிட்ட மட்டுந்தாம்மா பேசும்."

அடுத்தது, அழுத்தம் இறங்கினால் கணினியை மறுபடி தொடங்கவைக்கும் மீட்டமைப்புக் கால். அங்கே பச்சை விளக்கு அணையவே இல்லை. 'முதலிலிருந்து தொடங்கு' என்று விடாமல் அதட்டினால் எந்தக் கணினிதான் வேலை செய்யும்? பாக்கியநாதன் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனார். மின்னழுத்தமே இல்லாத பக்கத்துத் தரைத்தடத்தோடு அதை இணைத்தபடி களிம்பேறிய கட்டி ஒன்று இருந்தது.

"அம்மா, இது சந்தனமா?"

"ஆயுத பூஜைக்கு அப்பா மூடியத் தொறந்து சந்தனமும் குங்குமமும் வைப்பாவ. பொட்டிக்கு வச்சாப் போதுமா, மூளைக்கு வேண்டாமாம்பாவ." அப்பாவை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார். "போங்கப்பா நீங்க!"

எரிசாராயத்தில் நனைத்த தூரிகையால் பாக்கியநாதன் கட்டியைத் துடைத்தெடுத்தார். சிவப்பு எரிந்தது. நாடா சுழன்றது. திரையில் வரிகள் வந்தன: 4 மே 1997. பூரணா, முத்தடுப்பூசி, அழவில்லை. புஷ்கலா, முத்தடுப்பூசி, ஊரைக் கூட்டினாள்.

மெஹ்ருன்னிசா சிரித்தபடி முத்திரையிட்டு அனுப்பினார். பேரேட்டுப்பொறி வாதாடவே இல்லை. 'சான்று ஏற்கப்பட்டது. இவர்கள் இருவர்.'

புஷ்கலாவுக்கு அழுகை வந்துவிட்டது. பாக்கியநாதனைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள் இரண்டாவது செய்தி வந்தது.

'பதிவான இறப்பு இருவருக்கும் உரியது. விடுபட்ட இன்னொரு இறப்புச் சான்றிதழ் இத்துடன் வழங்கப்படுகிறது. தாமதத்துக்கு வருந்துகிறோம்.'

"அதுக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார் புஷ்கலா.

"இல்லம்மா. ரெண்டு பேருன்னு மட்டுந்தான் நாம நிரூபிச்சோம்," என்றார் பாக்கியநாதன். "அத அது ஒத்துக்கிட்டுது."

"அப்போ என் மாத்திரை?"