கன்னத்தில் ஐந்து புள்ளிகள்

முகத்தில் வழிந்த தண்ணீரை உபைதுல்லா துடைத்துவிட்டான். கன்னம் காய்ந்துவிட்டது. ஆனால் இல்லாத வலது கையின் கட்டைவிரலில் மட்டும் ஈரம் அப்படியே இருந்தது; நனைந்த மண்ணுக்குள் விரலை விட்டு வைத்ததுபோல ஒரு சில்லிப்பு.

சிவகாசி அச்சகத்தில் வெடிப்பெட்டி லேபிள் அறுக்கும் கட்டிங் மெஷின் மணிக்கட்டோடு கொண்டுபோன கை அது. அன்றைக்கும் அவனுக்கு அழுகை வரவில்லை. மனைவி நசிமா காய்ச்சலில் போனதிலிருந்தே எதற்கும் அழுகை வருவதில்லை. மகள் சித்திகாவைச் சாப்பிட வைப்பான், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவான், அவ்வளவுதான்.

மதுரையில் மூளையை ஆராயும் டாக்டர் சுகிர்தா, அவனைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். காதோரம் தொட்டால் சுண்டுவிரல் கூசியது. உதட்டோரம் தொட்டால் கட்டைவிரல். விரலுக்கு ஒன்றாகப் பேனாவால் புள்ளி வைத்தார்.

“மூளைக்குள்ள உடம்பு முழுசுக்கும் ஒரு வரைபடம் இருக்குங்க. அதுல கைக்குப் பக்கத்து வீடு முகம். கை காலி பண்ணிட்டுப் போனதும் முகம் அந்த வீட்டையும் பிடிச்சுக்கிருச்சு. பயப்படாதீங்க. அடுத்த தடவை வர்ற வரைக்கும் புள்ளிய அழிச்சிராதீங்க.”

பிறகு ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்து, இல்லாத கையை மூடித் திறப்பதாக நினைக்கச் சொன்னார்.

“மூட முடியல டாக்டர். உள்ள எதையோ பிடிச்சிருக்கு.”

“அது மூளை சொல்ற பொய்,” என்றார்.

ஊர் திரும்பும் பேருந்து விருதுநகரைத் தாண்டும்போது, இல்லாத கைக்குள் அந்தப் பொய் அசைந்தது.

வீட்டில் நசிமாவின் தம்பி ஃபரீத் இருந்தான். வெட்டுப்பட்ட கையை வெள்ளைத் துணியில் சுற்றிப் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் செய்தது அவன்தான்.

“ஏலே, என் கைய எங்கன வச்சே?”

“அக்கா பக்கத்துலதான் மச்சான். தனியா கெடக்க வேண்டாம்னு அவ கபுரு ஓரமாத் தோண்டுனேன். கொஞ்சம் ஆழமாவே போயிருச்சு.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நசிமா பிடித்திருந்ததும் இந்தக் கையைத்தான். சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரல் வரை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே, “சித்திகாவ விட்டுட்டு நான் மட்டும் போக மாட்டேன்” என்றாள்.

ஃபரீத் வேலைக்குக் கிளம்பிப் போனான். சாயங்கால வெயில் கண்ணாடியில் விழுந்தது. ஊருக்கு வெளியே ஏதோ கம்பெனியில் வெடி போட்டுப் பார்க்கும் சத்தம். உபைதுல்லா தன் முகத்தைப் பார்த்தான்.

காதோரப் புள்ளி உள்ளே குழிந்தது.

யாரும் தொடவில்லை.

அடுத்த புள்ளி. அதற்கடுத்தது. உதட்டோரம் வரை. மறுபடி காதோரத்திலிருந்து.

“அத்தா!”

பள்ளிக்கூடம் விட்டு வந்த சித்திகா, வழக்கம்போலத் தாவி அவன் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். தள்ளிப் போ என்று கத்தப் பார்த்தான். நாக்கு மரத்துக் கிடந்தது. இருக்கிற கையால் அவளைத் தள்ளினான்.

அவன் கன்னத்தில் எந்தப் புள்ளியும் அதற்குமேல் குழியவில்லை. இல்லாத கையில் பிடி விட்டிருந்தது. சில்லிப்பும் போயிருந்தது. அங்கே இப்போது ஒன்றுமே இல்லை.

சித்திகாவின் கன்னத்தில் பேனா மை ஒட்டியிருந்தது. கூச்சத்தில் சிரித்தாள்.

“அத்தா, யாரு என் விரலப் பிடிக்காக?”

வலது கையைத் தூக்கிக் காட்டினாள். சுண்டுவிரல் நசுங்கி வெளுத்தது. பிறகு அடுத்த விரல். பிறகு அடுத்தது. கட்டைவிரலும் வெளுத்ததும், அவள் கை மெல்ல வாசல் பக்கம் இழுபட்டது.