காலைக் கஞ்சியும் நாற்பத்தொரு பொய்யர்களும்

இணக்கி இன்றும் அதே பொய்யைத்தான் சொன்னது. இலக்கியாவின் தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் உட்கார்ந்திருந்த அந்தக் கருவி, மூன்றாவது மாதமாக அவளுடைய எதிர்ப்பு அணுக்கள் தூங்குவதாக அறிக்கை கொடுத்தது. ரத்தத்திலும் மாத்திரையின் மருந்து தெரிந்தது. அவளோ மார்ச் மாதத்தோடு மாத்திரையைத் தலைமுழுகியிருந்தாள்.

இருபத்தோரு வருடங்களுக்கு முன் அவளுக்குச் சிறுநீரகம் கொடுத்தவன் கணவன் மதிவாணன். அன்றிலிருந்து காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை. அந்நிய உறுப்பின் மேல் பாயும் அணுக்களை அது தூங்கவைக்கும். அதற்கான கூலியையும் கறாராக வாங்கிக்கொண்டது. சர்க்கரை வந்தது, எலும்பு தேய்ந்தது, கன்னத்தில் இரண்டு முறை புற்றுக்கட்டியை வெட்டி எடுத்தார்கள். எந்தச் சிறுநீரகத்தைக் காக்க அதை விழுங்கினாளோ, அதையே மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாக வடுவாக்கிக்கொண்டிருந்தது.

இணக்கியின் வழியே வேறு. அணுக்களை விழிக்கவிட்டு, இந்த உறுப்பு பகையல்ல என்று அது பழக்கும். தூங்குகிற வகுப்பில் யார்தான் பாடம் நடத்த முடியும்?

டாக்டர் ஃபர்ஹானா தயங்கித் தயங்கித்தான் விதியைச் சொன்னார். மூன்று முறை மருந்து தென்பட்டால் இணக்கித் திட்டத்திலிருந்து நீக்கம், மறுபடி பழைய மாத்திரை. அப்படியானால் இந்தச் சிறுநீரகம் இன்னும் இரண்டு வருடம் தாங்கும், பிறகு டயாலிசிஸ். இலக்கியா தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். எல்லோரும் இப்படித்தான் சத்தியம் செய்கிறார்கள் என்றார் டாக்டர், கடுமையில்லாமல்.

நீக்கக் கடிதத்தில் டாக்டர் கையெழுத்துப் போடப் போகும்போது, பக்கத்து நாற்காலியிலிருந்து மதிவாணன் பேசினான்.

"அவ பொய் சொல்லல டாக்டர். காலைக் கஞ்சில நான்தான் பொடிச்சுக் கலக்கினேன்."

இலக்கியாவுக்கு அவனை அறைந்தால் என்ன என்றிருந்தது. மிச்ச மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டதாகத்தான் அவன் சொல்லியிருந்தான்.

"எட்டு மணி ஆனா கை தானா டப்பாவத் தேடுது," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "உன் உடம்பு என்னோடதை ஏத்துக்கும்னு எனக்கு நம்பிக்கை வரல."

"ஏத்துக்குமா இல்லையான்னு உடம்பு சொல்லட்டும். அதுக்கு முந்தி நீங்க எதுக்குப் பதில் சொல்றீங்க?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இன்னும் ஆறு மாதம் கொடுத்தார்.

கஞ்சியை இலக்கியாவே காய்ச்சத் தொடங்கினாள். மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. ஏழாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. எதிர்ப்பு அணுக்கள் கண் திறந்துவிட்டன. கிருமியோடு நிற்குமா, சிறுநீரகத்தின் மேலும் கை வைக்குமா? மதிவாணன் இரண்டு நாள் இணக்கியின் அறிக்கை ஓடும் திரையை விட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கிருமியை விரட்டிய அணுக்கள் சிறுநீரகத்தைத் தொடாமல் கடந்து போயிருந்தன. திரையைக் காட்டும்போது அவன் அழுதான். அவளுக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

டாக்டர் ஃபர்ஹானாவுக்குத்தான் நிம்மதி இல்லை. எட்டு வருடங்களில் பொய்யர்கள் என்று நீக்கப்பட்ட நாற்பத்தொரு பேரின் கோப்புகளை வெளியே எடுத்தார். நோயாளிகளைக் கேட்கவில்லை, அந்தந்த வீட்டில் சமைப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். பத்தொன்பது பேர் போனிலேயே உண்மையை ஒப்புக்கொண்டு அழுதார்கள். அந்த வீடுகளில் பதினான்கு சிறுநீரகங்களை இன்னும் காப்பாற்றலாம். ஐந்து பேருக்குக் காலம் கடந்துவிட்டது.

அடுத்த மாதத்திலிருந்து முதல் பயிற்சி வீட்டாருக்கு என்று விதி மாறியது. வகுப்பெடுக்க மதிவாணனையே அழைத்திருந்தார்கள். கூடத்தில் கணவன்மாரும் மனைவிமாரும் அம்மாக்களுமாக முப்பது பேர். தயாரித்த உரையை அவன் எடுக்கவே இல்லை.

"மாத்திரையத் தூக்கிப் போடாம ஒளிச்சு வெச்சிருக்கவங்க கை தூக்குங்க," என்றான்.

பின்வரிசையில் ஒரு அம்மா முதலில் கை தூக்கினார். பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது.